காலியாக இறங்கும் வண்டி

ஒரு மணி அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் கிளப்பு. மூன்று அடித்தால் சாவு ஏறுகிறது, மெதுவாக இழு. ஹாலர் மேட்டு இழுவை ரயிலில் வேலைக்குச் சேருகிறவன் கற்றுக்கொள்ள இவ்வளவுதான் இருந்தது. மாட்டுஷ் கொலெசார் இதை அரை நாளில் கற்றுக்கொண்டார். அதை வைத்தே முப்பத்தைந்து வருஷம் வயிறு வளர்த்தார்.

பதினாறு வயதில் ஸ்லோவாக்கியா மலைக் கிராமத்திலிருந்து கப்பலேறி வந்தவர். பிட்ஸ்பர்க் இரும்பாலையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தார். ஒருநாள் கம்பிக் கட்டு ஒன்று சரிந்து இடது பாதத்தில் விழுந்தது. நான்கு விரல் போயிற்று. நொண்டிக்கு ஆலையில் என்ன வேலை? மேட்டின் உச்சியில் உட்கார்ந்த இடத்தில் ஒரு வேலை காலியாக இருக்கிறது என்று யாரோ சொல்லப்போய் அங்கே ஒட்டிக்கொண்டார்.

வண்டி ஓட்டுபவர் என்று பேர். ஆனால் அவர் வண்டியில் ஏறுவதே கிடையாது. மேல் நிலையத்தில் கண்ணாடி அறைக்குள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரே கம்பி வடத்தின் இரண்டு முனையிலும் இரண்டு வண்டி. உச்சியில் பெரிய உருளை. கிணற்றில் இரட்டை வாளி மாதிரிதான். ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே ஆகவேண்டும். கீழ் நிலையத்தில் டோர்சி என்று ஓர் அயர்லாந்துக்காரன் சில்லறை வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிவிட்டு மணி அடிப்பான். மேலே மாட்டுஷ் கைப்பிடியைத் தள்ளுவார். சாதாரணமாக மூன்று நிமிஷம். சாவு என்றால் பதினொன்று.

கீழே ஆற்றங்கரையில் ஆலை, மாதா கோவில், டாக்டர், குடிக்கிற கடை. மேலே வீடுகளும் கல்லறைத் தோட்டமும். கும்பிடவும் குடிக்கவும் இறங்கவேண்டும், தூங்கவும் புதையவும் ஏறவேண்டும் என்று டோர்சி சொல்வான். தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே மரப்படிகளும் உண்டு. முந்நூற்று எண்பத்தெட்டு. சில்லறை இல்லாதவனும் வண்டி பழுதான நாளில் மற்றவர்களும்தான் அதில் கால் வைப்பார்கள். கையில் சில்லறை இருக்கிறவனுக்கு அப்படி ஒரு படி இருப்பதே நினைவில் நிற்காது.

மேட்டில் ஒரு பழக்கம் இருந்தது. சவப்பெட்டி ஏறும்போது எதிர் வண்டி காலியாக இறங்கவேண்டும். உயிருள்ள ஒருவர் அதில் இருந்தால் தராசுத் தட்டு மாதிரி செத்தவர் அவரை இழுத்துவிடுவார். வருஷம் திரும்புவதற்குள் அவரும் அதே வழியில் ஏறுவார். இது பழைய நாட்டிலிருந்து வந்த வழக்கம் என்று கிழவிகள் அடித்துச் சொல்வார்கள். பழைய நாட்டில் இழுவை ரயில் ஏது? மேட்டுக்காரர்கள் இங்கே வந்து தாங்களே கட்டிக்கொண்டதுதான். ஆனால் கட்டிக்கொண்டவர்களே மறந்துபோகிற அளவுக்குப் பழசாகிவிட்டது. கம்பெனியின் விதிப் புத்தகத்தில் அதைப்பற்றி ஒரு வரி கிடையாது. மாட்டுஷுக்கு விதிப் புத்தகத்தைவிட அது பெரிது. மூன்று மணி அடித்ததும் எழுந்துபோய் மேல் வண்டியின் கதவைத் தன் கையாலேயே சாத்திவிட்டு வருவார். ஒரு தடவை ஆலை மேஸ்திரி ஒருவன், அமெரிக்கன், வண்டியில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று சட்டம் பேசினான். அவன் கோட்டைப் பிடித்து இழுத்து வெளியே விட்டுவிட்டுத்தான் மாட்டுஷ் கைப்பிடியைத் தொட்டார்.

அவருக்கும் அவர் மனைவி வெரோனாவுக்கும் பிள்ளை இல்லை. மூன்றாவது வீட்டு யுஸ்தினா, ஆலைக்காரன் இம்ரிக்கின் மனைவி, தன் பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது இவர்கள் இருவரையும்தான் ஞானப் பெற்றோராக நிறுத்தினாள். குழந்தை பெயர் ஹன்கா. நடக்க ஆரம்பித்ததும் அது கண்ணாடி அறைக்கே வந்துவிடும். மாட்டுஷ் அதை மடியில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவார். சின்னக் கையைக் கைப்பிடியின்மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துத் தள்ளுவார். 'நான்தான் எல்லாரையும் மேல கொண்டாந்தேன்' என்று அது ஏறி வந்தவர்களிடமெல்லாம் சொல்லும். டோர்சி கீழிருந்து தொலைபேசியில், 'இன்னிக்கு ஓட்டுறது நீயா, உன் எஜமானியா? வண்டி ஆடாம வருதே, அதான் கேட்டேன்' என்பான்.

1931 ஜனவரியில் மேட்டில் தொண்டை அடைப்பான் நோய் வந்தது. ஹன்காவுக்கு நான்கு வயது. இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் குழந்தைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. இம்ரிக் ஆலையில் இருந்தான். யுஸ்தினா குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு நிலையத்துக்கு ஓடிவந்தாள். கீழே டாக்டர் இருந்தார். தொண்டையில் துளை போட்டு மூச்சுவிட வைப்பார், அந்த வாரத்தில் அப்படி இரண்டு குழந்தைகளைப் பிழைக்க வைத்திருந்தார். அது எல்லோருக்கும் தெரியும்.

அவள் வந்து வண்டிக்குள் ஒரு கால் வைத்த நேரத்தில் மூன்று மணி அடித்தது. பெட்ராக் கிழவரின் சவம் கீழே ஏற்றப்பட்டுவிட்டது.

மாட்டுஷ் அறையிலிருந்து வெளியே வந்தார். போர்வைக்குள் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். அவர் சொன்னதை நிலையத்தில் நின்ற இரண்டுபேர் கேட்டார்கள்.

"யுஸ்தினா, இதுல வேணாம்மா. சாவு ஏறுது. நம்ம ஹன்காவ அதுக்கு எதிர்ல அனுப்பக் கூடாது. அடுத்ததுல போயிடு, நான் வேகமா இறக்கிடறேன்."

ஆசையில் சொன்னதுதான். குழந்தைமேல் அவருக்கிருந்த பயத்தில் சொன்னது. யுஸ்தினா அவரைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். பிறகு உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தாள். மாட்டுஷ் கதவைச் சாத்தினார்.

பதினொரு நிமிஷம். வண்டி காலியாக இறங்கியது. பெட்ராக் கிழவர் ஏறி வந்தார். பெட்டியை இறக்க நான்கு நிமிஷம். கிழவர் கனமான மனுஷர். பிறகு யுஸ்தினா ஏறினாள். மாட்டுஷ் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அன்றைக்குத்தான் வண்டியை இரண்டரை நிமிஷத்தில் இறக்கினார். டாக்டர் வீடு கீழ் நிலையத்துக்கு எதிர்ச்சாரிதான். வாசற்படியில் வைத்தே ஹன்கா போய்விட்டாள். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் வாயெடுத்தாராம். யுஸ்தினாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டாராம்.

மூன்றாம் நாள் மூன்று மணி அடித்தது. சின்னப் பெட்டி ஏறியது. எதிர் வண்டி காலியாக இறங்கியது. மாட்டுஷ்தான் ஓட்டினார்.

மேட்டில் ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. நீ செய்ததுதான் சரி, விதி முடிந்தால் என்ன செய்வது என்றார்கள். கடைசிவரை அவரைத் தின்றது அதுதான். யாராவது சட்டையைப் பிடித்திருந்தால், அடித்திருந்தால், தேவலை என்று இருந்திருக்கும். யுஸ்தினா பேசவில்லை. திட்டவும் இல்லை. ஒன்றே ஒன்று செய்தாள். அதற்குப் பிறகு அவள் இழுவை வண்டியில் ஏறவே இல்லை.

படியில் நடந்தாள். கோவிலுக்கு, கடைக்கு, இம்ரிக்குக்குச் சாப்பாடு கொடுக்க, எல்லாவற்றுக்கும் முந்நூற்று எண்பத்தெட்டு. மழையிலும் படி, பனியிலும் படி. கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் படி முழுவதும் தெரியும். கறுப்புத் துணி கட்டிய தலை ஒன்று இறங்குவதையும் ஏறுவதையும் மாட்டுஷ் நாள் தவறாமல் பார்த்தார். அவளுக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகவில்லை, ஓட்டுகிற ஆளைக் கண்டால் அதைவிட ஆகவில்லை என்று எடுத்துக்கொண்டார். ஒருநாள், ஒரே ஒருநாள், அவள் வந்து வண்டியில் ஏறிவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு. பேசவேண்டாம், மன்னிக்கவேண்டாம். ஏறினால் போதும். காலை முதல் வண்டி கிளம்புமுன் வாசலை ஒருமுறை எட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. டோர்சிக்கு அது தெரியும். அவன் எல்லாவற்றையும் கேலி செய்கிறவன், இதை மட்டும் தொடமாட்டான்.

வெரோனா அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. வாரம் ஒருமுறை முட்டைக்கோஸ் சூப் கொண்டுபோவாள். யுஸ்தினா வாங்கிக்கொள்வாள், பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பாள், மழை வருமா என்பதுபோல ஏதாவது பேசுவாள். அவள் ஏதாவது சொன்னாளா என்று ஒவ்வொரு தடவையும் மாட்டுஷ் கேட்பார். சூப்பில் உப்புக் குறைச்சல் என்றாள் என்பாள் வெரோனா.

ஒரு ஜனவரியில் மேட்டுக்காரர்கள் ஒன்றைப் பார்த்தார்கள். யுஸ்தினா ஒரு மாவு மூட்டையைக் குழந்தை மாதிரி போர்வையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு படியில் ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். கீழே போனதும் திரும்பி ஏறி வந்துவிட்டாள், மூட்டையோடு. மறுநாளும் அப்படியே. பாவம், புத்தி கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். மாட்டுஷும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தார். பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வருஷங்கள் போயின. இம்ரிக் ஆலைப் புகையில் நெஞ்சு கெட்டுச் செத்தான். அவன் பெட்டி ஏறியபோதும் யுஸ்தினா பெட்டியோடு வண்டியில் வரவில்லை; பக்கத்துப் படியில் வண்டியோடு சமமாக ஏறி வந்தாள். ஊரில் ஒரு காலத்தில் இதுபோல ஒரு டஜனுக்கு மேல் இழுவை ரயில்கள் இருந்தன. மேட்டுக்கு மேடு தார்ச்சாலை வந்தது, பஸ் வந்தது, ஆளுக்கொரு கார் வந்தது. இழுவை ரயில் ஒவ்வொன்றாக நின்றது. ஹாலர் மேட்டிலும் கூட்டம் குறைந்தது. மேல் நிலையத்தில் மாற்று ஆளாக இருந்தவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாட்டுஷ் ஒருவரே காலை முதல் சாயங்காலம்வரை உட்கார்ந்தார். அடுத்த வருஷம் மூடிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. மூடுவதைப்பற்றி மாட்டுஷுக்குப் பெரிய கவலை இல்லை. அதற்குள் அவள் ஏறவேண்டுமே என்பதுதான்.

1953 நவம்பரில் வெரோனா படுத்தாள். வயிற்றில் கட்டி. கடைசி வாரத்தில் ஒருநாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நான் ஏறும்போது நீதான் ஓட்டணும். மூணு மணியடிச்சு, மெதுவா. எதிர்ல யாரும் வேணாம். என்னால இன்னொரு உசிரு போச்சுன்னு இருக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

அவர் சத்தியம் செய்தார்.

கீழே கோவிலில் வெரோனாவுக்குப் பூசை நடந்தபோது மாட்டுஷ் அங்கே இல்லை. மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தார். அந்த வேகத்துக்குக் கைப்பிடியை ஒரே மாதிரி பிடிக்க வேறு ஆள் இல்லை. நல்ல கோட்டுப் போட்டிருந்தார். அது தோளில் பிடித்தது. நிலையத்தில் ஈ காக்கை இல்லை. மேடு முழுக்கக் கீழேதான் இருந்தது. பதினொன்று ஆகப் பத்து நிமிஷம் இருக்கும்போது கீழிருந்து மூன்று மணி அடித்தது. எழுந்தார், கதவைச் சாத்த வெளியே வந்தார்.

வண்டி வாசலில் யுஸ்தினா நின்றிருந்தாள்.

இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அவளை அந்த இடத்தில் பார்க்கிறார். தலை நரைத்துவிட்டது. கறுப்புக் கோட்டு, கையில் ஒன்றுமில்லை.

"கீழ போகணும், அண்ணே" என்றாள்.

"வெரோனா வர்றா."

"தெரியும். அதனாலதான் இதுல போகணும்."

சத்தியம் செய்திருக்கிறேன் என்று அவர் சொன்னார். எப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

"அதுவும் தெரியும். என்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனா. கோவம்னா அங்க போய் அவகிட்ட நான் பேசிக்கறேன். உனக்கு என்ன?"

கீழே டோர்சி பொறுமையில்லாமல் இன்னொரு தடவை மூன்று மணி அடித்தான்.

"ஊரே என்னமோ நீ என்னைத் தள்ளிவிட்டுக் கதவச் சாத்தினேன்னு நினைச்சிட்டிருக்கு. நீயும் அப்படித்தான் நினைச்சிட்டிருக்கே. நீ வாயாலதான் சொன்னே. காலை வெளிய எடுத்தது நான். எனக்கும் பயம். நான் அதுக்கு ஆத்தா, நான்தானே உன்ன மீறிப் போயிருக்கணும்?"

அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் வைத்தார். யுஸ்தினா ஏறி, கதவை ஒட்டிய பலகையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, "மெதுவாவே விடு. எப்பவும் விடற மாதிரி" என்றாள்.

மாட்டுஷ் அறைக்குள் போய்க் கைப்பிடியைத் தள்ளினார். உருளை முனகிக்கொண்டு சுற்றியது. கீழேயிருந்து வெரோனா புறப்பட்டாள். மேலேயிருந்து யுஸ்தினா இறங்கினாள். பாதி வழியில் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அந்த வேகத்தில் ஒன்றை ஒன்று தாண்ட அரை நிமிஷமாவது ஆகும். இறங்குகிற வண்டியில் கறுப்புக் கோட்டு எழுந்து நிற்பது தெரிந்தது. ஏறுகிற வண்டியில் பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் தலையைத் திருப்பிப் பார்ப்பதும் தெரிந்தது.

பெட்டி மேலே வந்ததும் வெரோனாவின் தம்பி காஷ்பர்தான் முதலில் இறங்கினான். பெட்டியின் முன்பக்கக் கைப்பிடியை விடாமலே கேட்டான்.

"கட்டின பொண்டாட்டிக்குக்கூட இந்த ஒண்ணைச் செய்யத் துப்பில்லையா உனக்கு? அடுத்தவங்க பொணத்துக்கெல்லாம் ஆளப் புடிச்சு வெளிய தள்ளினியே, அந்த வீரம் எங்கய்யா போச்சு?"

மாட்டுஷ் பிரேக்கைப் போட்டுப் பூட்டிவிட்டு, பெட்டிக்குப் பின்னால் நொண்டி நொண்டி நடந்தார். கல்லறையில் மண் போடும்போது காஷ்பர் அவருக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு வரவும் இல்லை.

மறுநாள் காலை டோர்சி தொலைபேசியில் கூப்பிட்டான். வழக்கமாக ஒரு கேலியோடுதான் ஆரம்பிப்பான். அன்றைக்கு நேரே விஷயத்துக்கு வந்தான்.

"அந்தம்மா நேத்து இங்க இறங்கினதும் எத்தன நிமிஷம் ஆச்சுன்னு கேட்டுச்சு. கடிகாரத்தப் பாத்துப் பதினொண்ணுன்னேன். சரியா பாருன்னுச்சு. சரியாத்தான் பாத்தேன் தாயி, பதினொண்ணுன்னேன். 'படியில ஒன்பது'ன்னுச்சு. அந்தப் பலகையில கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் படியேறிப் போயிடுச்சு. என்னப்பா கணக்கு அது?"

மாட்டுஷ் தொலைபேசியை வைத்துவிட்டார். கண்ணாடி வழியாகப் படியைப் பார்த்தார். மாவு மூட்டை ஞாபகம் வந்தது. நான்கு வயதுக் குழந்தையின் எடை இருக்கும் அந்த மூட்டை. ஜனவரி, பனி, போர்வை. புத்தி கலங்கவில்லை அவளுக்கு. அளந்திருக்கிறாள். ஒன்பது நிமிஷம் அவள் கையில் வெகுநாளாக இருந்திருக்கிறது. பதினொன்றை மட்டும்தான் வண்டிக்குள் உட்கார்ந்து பார்க்காமல் இருந்தாள். அன்றைக்குக் கதவைத் திறந்தே விட்டிருந்தாலும் வண்டி பதினொன்றில்தான் போயிருக்கும். படி பக்கத்திலேயே இருந்தது. கதவுக்கு உள்ளேயா வெளியேயா என்று இரண்டுபேரும் நின்றார்களே தவிர, அந்தப் பதினெட்டு நிமிஷத்தில் ஒருவருக்கும் படி ஞாபகம் வரவில்லை. மேட்டுக்கு வந்த நாளிலிருந்து தினமும் பார்க்கிற படி.

அன்றைய முதல் வண்டி ஐந்து நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. அவர் வேலையில் அப்படி நடந்தது அந்த ஒரு நாள்தான்.

அடுத்த வருஷம் ஜூனில் இழுவை ரயிலை மூடினார்கள். கடைசி நாள் கூட்டம் அலைமோதியது. வருஷக்கணக்காக வண்டிப் பக்கமே வராதவர்கள் எல்லாம் காரில் வந்து இறங்கிப் படம் பிடித்துக்கொண்டார்கள். மாட்டுஷ் அன்றைக்கும் வாசலைப் பார்த்தார். யுஸ்தினா வரவில்லை. கடைசி ஓட்டம் முடிந்ததும் கைப்பிடியை யாரோ ஞாபகத்துக்குக் கேட்டார்கள், கழற்றிக் கொடுத்துவிட்டார். தண்டவாளத்தைப் பழைய இரும்புக்கு எடுத்துப்போனார்கள். அந்தத் தடத்தில் முள்ளும் புதருமாக மண்டியது. படி மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் மாட்டுஷ் உயிரோடு இருந்தார். 1961இல் போனபோது சவ வண்டி தார்ச்சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு ஏறியது. அந்த ஏழு வருஷமும் சனிக்கிழமை காலையில் அவர் படியில் இறங்குவார். விரல் இல்லாத பாதம், ஒவ்வொரு படியிலும் பக்கவாட்டில் வைத்துத்தான் இறங்கவேண்டும். உச்சியில் நின்று பைக் கடிகாரத்தைப் பார்ப்பார், அடியில் நின்று மறுபடி பார்ப்பார். கீழே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. டோர்சி செத்து, டாக்டர் வீடு இருந்த இடத்தில் பெட்ரோல் பங்க் வந்துவிட்டது.

யுஸ்தினா கடைக்குப் போய்விட்டு அந்த நேரத்துக்குத்தான் ஏறி வருவாள். படி ஒடுக்கம். பாதியில், படி கொஞ்சம் அகலமாகத் திரும்புகிற இடத்தில், அவள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கம்பிப் பக்கம் ஒதுங்கி அவருக்கு வழி விடுவாள். வணக்கம்கூடச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். ஒரே ஒரு தடவைதான், முதல் வருஷக் குளிர்காலத்தில், அவர் தாண்டும்போது அவள் கேட்டாள்.

"எத்தன ஆகுது?"

"கீழ போய்ச் சேர இருபது. போன வாரம் பத்தொன்பது."

அவள் அவருடைய பாதத்தைப் பார்த்தாள்.

"கால் அப்படி" என்றாள். பையை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள்.